வகுப்பறையில் காணொளி எடுக்கும் முன் பெற்றோர் ஒப்புதல்: ஆண்டுத் தொடக்கப் படிவம் போதுமா?

கேள்வி: தமிழாசிரியை, ரோஸ் ஹில்

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கே மொரீஷியஸில் அரசு தொடக்கப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். மொழிப்பாட வேளை வந்ததும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தத்தம் மொழிக்குரிய அறைகளுக்குப் பிரிந்து செல்வார்கள். என் அறைக்கு 11 பேர் வருகிறார்கள். நான் பகுதி நேரமாகப் படித்துவரும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்துக்காக, நான் பாடம் நடத்துவதை 20 நிமிடக் காணொளிகளாக இரண்டு முறை பதிவு செய்து, அவற்றைப் பார்த்து என் கற்பித்தல் முறையை நானே ஆராய்ந்து எழுத வேண்டும். அதோடு, தவணைத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு பிள்ளையும் ஆத்திசூடியில் ஐந்து வரிகளை ஒப்பிப்பதைப் பதிந்து வைத்தால், உச்சரிப்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்று பெற்றோருக்கே காட்டலாம் என்ற எண்ணமும் எனக்கு இருக்கிறது.

தலைமையாசிரியர் வாய்மொழியாக அனுமதி தந்துவிட்டார். ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளி வழங்கிய பொதுப் படிவத்தில் “பள்ளி நிகழ்ச்சிகளில் படம் எடுக்க ஒப்புக்கொள்கிறேன்” என்ற ஒரு வரி இருக்கிறது. ஒன்பது பெற்றோர் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒருவர் படிவத்தைத் திருப்பி அனுப்பவே இல்லை. இன்னொரு மாணவனின் படிவத்தில் பாட்டியின் கையெழுத்து இருக்கிறது. அவனுடைய தாய் வெளிநாட்டில் வேலை செய்கிறார், தந்தை இல்லை. இந்த நிலையில் நான் பதிவைத் தொடங்கலாமா, அல்லது புதிதாக ஒப்புதல் கேட்க வேண்டுமா? கேட்பதானால் எப்படிக் கேட்பது? என் பிள்ளைகளுக்கு எந்தத் தீங்கும் நேரக்கூடாது என்பதால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்.

மறுமொழி 1: தரவுப் பாதுகாப்புப் பணியாளர், போர்ட் லூயிஸ்

வணக்கம் அம்மா. நான் ஒரு தனியார் அலுவலகத்தில் தரவுப் பாதுகாப்பைக் கவனித்துக்கொள்ளும் பணியில் இருக்கிறேன். உங்கள் முதற்கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்லிவிடுகிறேன்: பழைய படிவம் போதாது. புதிதாகக் கேளுங்கள்.

காரணம் இதுதான். மொரீஷியஸின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 30ஆவது பிரிவின்படி, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பற்றிய தனிநபர் தகவலைப் பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்புதல் தராமல் எவரும் கையாளக்கூடாது. ஒருவரை அடையாளம் காட்டும் முகமும் குரலும் பெயரும் தனிநபர் தகவல்தான். ஆகவே, காணொளியைப் பதிவதும், சேமித்து வைப்பதும், உங்கள் பயிற்சியாளருக்கு அனுப்புவதும், பிறகு அழிப்பதும் ஆகிய எல்லாமே இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை. தொடக்கப் பள்ளியில் அனைவருமே அந்த வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்பதால் உங்களுக்கு இதில் குழப்பம் இல்லை. இடைநிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளில்தான் 15 வயதினரும் 16 வயதினரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், அங்கே ஒவ்வொருவருடைய பிறந்த நாளையும் பார்த்தாக வேண்டும்.

ஒப்புதல் என்பது ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கு, விவரம் அறிந்து, தாமாகவே தருவது. “பள்ளி நிகழ்ச்சி” என்ற சொல்லைப் படிக்கும் பெற்றோர் விளையாட்டு விழாவையும் இசை விழாவையும் நினைத்துத்தான் கையெழுத்திட்டிருப்பார்கள். தம் பிள்ளை கரும்பலகை முன் தடுமாறும் 20 நிமிடங்களை வேறு நிறுவனத்தின் பயிற்சியாளர் ஒருவர் பார்க்கப் போகிறார் என்று அவர்கள் நினைத்திருக்க வழியில்லை. ஒப்புதல் பெறப்பட்டது என்று நிறுவும் பொறுப்பும், நாளை கேள்வி எழுந்தால், பெற்றோருடையதன்று, பதிவு செய்தவருடையது. தலைமையாசிரியரின் அனுமதி உங்களுக்கு அவசியம்தான், அதையும் எழுத்தில் பெறுங்கள்; ஆனால் அவர் பெற்றோருக்குப் பதிலாக ஒப்புக்கொள்ள இயலாது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் ஆசிரியர்கள் பலரும் இதைக் கவனிப்பதில்லை. இனம், சமய நம்பிக்கை, உடல்நலம் போன்றவற்றைச் சட்டம் சிறப்பு வகைத் தகவல் என்று தனியே பிரித்து, கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. நம் நாட்டில் ஒரு பிள்ளை எந்த மொழிப்பாட அறைக்குச் செல்கிறது என்பதைக் கொண்டே அதன் குடும்பம் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தது என்று எவரும் ஊகித்துவிடுவார்கள். நெற்றியில் திருநீறும், காவடி நோன்புக் காலத்தில் கையில் கட்டிய மஞ்சள் கயிறும் தெரிந்தால் ஊகம்கூடத் தேவைப்படாது. கணித வகுப்பின் காணொளியைவிட உங்கள் வகுப்பின் காணொளி பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்லிவிடுகிறது என்பதே என் கருத்து. அதற்கேற்ற கவனத்தோடு அதைக் கையாளுங்கள்.

சொந்தக் கைபேசியில் எடுப்பதால் அது “தனிப்பட்ட பயன்பாடு” ஆகிவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். பரிசளிப்பு விழாவில் ஒரு தந்தை தம் மகளைப் படம் பிடிப்பது வீட்டுப் பயன்பாடு. சட்டம் அதில் தலையிடுவதில்லை. ஓர் ஆசிரியர் தம் பணிக்காகவோ படிப்புக்காகவோ மாணவர்களைப் பதிவது அவ்வாறன்று, கருவி யாருடையதாக இருந்தாலும் சரி. மேலும், உங்கள் கைபேசி கூகுள் போட்டோஸ் போன்ற சேமிப்பகத்துக்குப் படங்களைத் தானாகவே ஏற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கணத்திலேயே பிள்ளைகளின் முகங்கள் நாட்டுக்கு வெளியே உள்ள கணினிகளுக்குச் சென்றுவிடுகின்றன. வெளிநாட்டுக்குத் தகவல் அனுப்புவதற்குச் சட்டத்தில் தனி நிபந்தனைகள் இருக்கின்றன. பதிவைத் தொடங்கும் முன் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். நினைவட்டையில் பதிந்து, கடவுச்சொல்லிட்ட ஒரே இடத்தில் வைத்திருப்பது நல்லது.

பாட்டியின் கையெழுத்தைப் பொறுத்தவரை, சட்டம் பெற்றோரையும் பாதுகாவலரையும்தான் குறிப்பிடுகிறது. பிள்ளையை வளர்ப்பவராகவே இருந்தாலும், முறைப்படி பாதுகாவலராக இல்லாத பாட்டியின் ஒப்புதலை மட்டும் நம்பாதீர்கள். ஒப்புதல் உரியவரிடமிருந்துதான் வந்திருக்கிறதா என்று நியாயமான முயற்சி எடுத்து உறுதி செய்துகொள்வதும் உங்கள் கடமை. தாய்க்குக் கடிதத்தைப் படமாக அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி, அதை அச்சிட்டுக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியிடமும் விளக்கிச் சொல்லிவிடுங்கள், அது மரியாதைக்காக.

மறுமொழி 2: ஒரு தாய், குவாத்ர் போர்ன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கேட்டிருப்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் மகள் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, அவளுடைய வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து பழங்களின் பெயர்களைச் சொல்வதை ஒருவர் கைபேசியில் எடுத்தார். எங்கள் வீட்டில் பேசுவது இந்நாட்டின் பேச்சுமொழியான கிரியோல். என் மகளுக்கு அப்போது ழகரம் வராது. வாழைப்பழம் என்பதை “வாலப்பலம்” என்றாள், தவறு என்று அவளுக்கே தெரிந்ததால் மீண்டும் முயன்றாள், மீண்டும் அதே ஒலி வந்தது, பக்கத்துப் பிள்ளை சிரித்தது, அவள் சீருடையின் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவும் அந்த 40 வினாடிகளில் இருக்கிறது. அதை எடுத்தவர் கெட்ட எண்ணத்தோடு எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் “நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள்” என்ற மகிழ்ச்சியோடுதான் போட்டார். அன்று மாலைக்குள் அது உறவினர் குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. தைப்பூசத்தன்று கோயிலில் ஒரு பெரியவர் அவளை “வாலப்பலம்” என்று அன்பாக அழைத்தார். அதன் பிறகு பல வாரங்கள் அவள் தமிழ் வேளையில் வாய் திறக்கவில்லை.

நானும் ஆண்டுத் தொடக்கப் படிவத்தில் கையெழுத்திட்டவள்தான். அந்த ஒரு வரி என் மகளை எங்கே கொண்டுபோய்விடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காணொளியை நீக்கும்படி கேட்டபோது உடனே நீக்கினார்கள். ஆனால் மற்றவர்களுடைய கைபேசிகளில் சேமிக்கப்பட்டவற்றை யார் நீக்குவது?

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். உங்கள் பயிற்சிக்கான பதிவையும், பெற்றோருக்குக் காட்டும் பதிவையும், குழுவில் பகிர்வதையும் ஒரே கையெழுத்தில் அடக்காதீர்கள். முதலாவதற்கு நான் மனமுவந்து ஒப்புக்கொள்வேன், மூன்றாவதற்கு ஒருபோதும் மாட்டேன். என் பிள்ளை ஒப்பிப்பதை எனக்கு மட்டும் காட்டுங்கள், பதினொரு பேருடையதையும் பதினொரு வீட்டுக்கும் அனுப்ப வேண்டாம். கடைசியாக, கடிதத்தை எங்களுக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். பள்ளியிலிருந்து வரும் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், பல வீடுகளில் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். தமிழ் மீது பற்றுக்கொண்டு முழுக்கத் தமிழில் எழுதினாலும் அதே கதைதான், எங்கள் தலைமுறையில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. கிரியோலில் ஒரு பக்கம் எழுதி, பெற்றோர் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

படிவத்தைத் திருப்பி அனுப்பாதவரைத் தயவுசெய்து “மறுப்புச் சொல்லவில்லையே” என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வீட்டில் அந்தத் தாள் இன்னும் புத்தகப் பையின் அடியிலேயே கசங்கிக் கிடக்கலாம்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற பயிற்சியாளர், வாக்குவா

மேலே எழுதிய தாயின் அனுபவம் வருத்தம் தருகிறது. சட்ட விளக்கமும் தெளிவாக இருக்கிறது. ஆயினும் இவற்றைப் படித்துவிட்டு, “நமக்கு எதற்கு இந்த வம்பு” என்று ஆசிரியை பதிவையே கைவிட்டுவிடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். தம் வகுப்பைத் தாமே பார்க்கும் வாய்ப்பைப் போல ஆசிரியரைத் திருத்துவது வேறொன்றும் இல்லை என்பதை நான் நெடுங்காலம் பயிற்சி அளித்துக் கண்டிருக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1970களில் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகச் சராசரியாக 1 வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 வினாடியாக நீட்டினாலே பிள்ளைகளின் விடைகள் நீளமாகவும் சிந்தனை மிக்கவையாகவும் மாறுகின்றன என்றும் கண்டறிந்தார். எந்த ஆசிரியரும் தாம் 1 வினாடிதான் காத்திருக்கிறோம் என்பதைப் பதிவைக் கேட்காமல் நம்ப மாட்டார். இதில் கவனிக்க வேண்டியது, அவர் இதை ஒலிப்பதிவைக் கொண்டே கண்டார் என்பது. ஒரு முகம்கூடத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

எனவே ஒப்புதல் கடிதம் எழுதும் முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்கு எது தெரிந்தாக வேண்டும்? உங்கள் பட்டயப் பணிக்குத் தெரிய வேண்டியது நீங்கள், பிள்ளைகள் அல்லர். கைபேசியை அறையின் பின்புறத்தில், அலமாரியின் மேல், கரும்பலகையைப் பார்த்து நிறுத்துங்கள். பிள்ளைகளின் முதுகும் தலைமுடியும் மட்டுமே விழும். சுவரில் ஒட்டியிருக்கும் பெயர்ப் பட்டியலையும் பிறந்த நாள் அட்டவணையையும் அன்றைக்குக் கழற்றி வையுங்கள், ஏனெனில் முகத்தை மறைத்துவிட்டுப் பெயரையும் பிறந்த தேதியையும் காட்டும் பதிவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் இரண்டு நிமிடம் எடுத்துப் பார்த்து, எந்த நாற்காலிகள் காமிராவின் பார்வைக்குள் வருகின்றன, எவை வரவில்லை என்று சாக்பீஸால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி நிலையத்திடமும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். பிள்ளைகளின் முகம் கட்டாயம் தெரிய வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துவது அரிது.

முகம் தெரியாவிட்டாலும் குரல் கேட்கும், நீங்கள் பெயர் சொல்லி அழைப்பீர்கள், ஆகவே ஒப்புதல் தேவைதான். ஆனால் இவ்வளவுதான் பதிவாகும் என்று சொல்லிக் கேட்கும்போது பெற்றோரின் தயக்கம் பெரிதும் குறைந்துவிடும்.

ஒப்புதல் தராத பிள்ளையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பதிவு நாளன்று அப்படிப்பட்ட பிள்ளையை நூலக அறைக்கு அனுப்பிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது தண்டனை. பெற்றோர் “வேண்டாம்” என்றதற்காகப் பிள்ளை ஒரு பாடத்தை இழக்கக்கூடாது, மற்றவர்கள் முன் தனித்து நிற்கவும் கூடாது. பதிவுக்கு ஒரு வாரம் முன்பே எல்லாருடைய இருக்கைகளையும் மாற்றிவிடுங்கள். அப்போது எவருக்காக மாற்றினீர்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை காமிராவுக்குத் தெரியாத பக்கத்தில் அமர்ந்து எல்லாரையும் போலப் பாடத்தில் பங்குகொள்ளட்டும். அதன் குரல் விழுந்த இடங்களைப் பயிற்சியாளருக்கு அனுப்பும் முன் வெட்டிவிடுங்கள், வெட்டப்படாத மூலத்தையும் அன்றே அழித்துவிடுங்கள். பதினொரு பேரில் நான்கைந்து பேர் மறுத்தால் அந்த வகுப்பில் பதிவு செய்யாமல் வேறு வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஆத்திசூடி ஒப்பிப்பதைப் பொறுத்தவரை, அதற்குக் காணொளி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காது கேட்டுச் சொல்லிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் வைத்து, எந்த ஒலி வந்தது, எது வரவில்லை என்று தவணைக்கு இரண்டு முறை குறித்து வந்தாலே பெற்றோரிடம் காட்டப் போதிய சான்று கிடைத்துவிடும்.

பிள்ளைகளிடமும் கேளுங்கள். சட்டம் ஒன்பது வயதுப் பிள்ளையின் கையெழுத்தைக் கேட்பதில்லை. ஆனால் தாய் சரி என்று சொல்லியும் காமிராவைக் கண்டதும் முகத்தை மேசையில் புதைத்துக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்போது பதிவை நிறுத்திவிட வேண்டும்.

மறுமொழி 4: வார இறுதித் தமிழ் வகுப்பு, டர்பன்

தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டில் 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 1 அன்று பெருமளவு நடைமுறைக்கு வந்து, ஓராண்டு அவகாசத்துக்குப் பின் 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செயற்படுகிறது. உங்களுக்கு 16 என்றால் எங்களுக்கு வயது வரம்பு 18. பெற்றோர் போன்ற உரிய பொறுப்பாளர் ஒருவரின் ஒப்புதல் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். எங்களுடையது கோயில் மண்டபத்தில் தொண்டர்கள் நடத்தும் வகுப்பு. சம்பளம் வாங்காமல் செய்கிறோம், எனவே சட்டம் நமக்கு இல்லை என்றுதான் முதலில் நாங்களும் நினைத்தோம். அது தவறு என்று அறிந்தபின், சேர்க்கைப் படிவத்திலிருந்து ஒப்புதலைப் பிரித்துத் தனித் தாளாக்கினோம். சேர்க்கையோடு சேர்த்துக் கேட்டால், மறுத்தால் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களோ என்று அஞ்சியே பெற்றோர் கையெழுத்திடுகிறார்கள். தனித் தாள் வந்த முதல் ஆண்டிலேயே, முன்பு மறுக்காத சிலர் மறுத்தார்கள்; முன்பெல்லாம் அவர்கள் எப்படிக் கையெழுத்திட்டார்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

கேள்வி கேட்டவர்: தமிழாசிரியை, ரோஸ் ஹில்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. குவாத்ர் போர்ன் அம்மா எழுதியதை நான் பலமுறை படித்தேன். ஆத்திசூடிக் காணொளி எண்ணத்தை விட்டுவிட்டேன். ஐயா சொன்னபடி தாளில் குறித்து வைக்கப் போகிறேன். பாடக் காணொளிக்கு மட்டும் கீழ்க்கண்டவாறு கடிதம் எழுதியிருக்கிறேன். கிரியோலிலும் இதையே எழுதி, இரண்டையும் ஒரே தாளின் இரு பக்கங்களில் அச்சிடுவேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

“அன்புடைய பெற்றோருக்கு வணக்கம். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து வருகிறேன். அதற்காக, நான் தமிழ்ப் பாடம் நடத்துவதை இத்தவணையில் இரண்டு முறை, முறைக்கு 20 நிமிடம், காணொளியாகப் பதிய வேண்டியுள்ளது. காமிரா வகுப்பின் பின்புறத்திலிருந்து என்னை நோக்கி இருக்கும். பிள்ளைகளின் முகம் தெரியாதவாறு வைப்பேன். ஆனால் குரல் கேட்கும். பதிவை நானும் என் பயிற்சியாளரும் மட்டுமே பார்ப்போம். அது இணையத்திலோ வாட்ஸ்அப்பிலோ எக்காலத்திலும் வெளியிடப்படாது. படிப்பு முடிந்ததும் அழித்துவிடுவேன். நீங்கள் மறுத்தாலும் உங்கள் பிள்ளை வழக்கம்போல அதே வகுப்பில் அமர்ந்து படிக்கும். மதிப்பெண்ணில் எந்த வேறுபாடும் இராது. ஒப்புக்கொண்ட பிறகும் மனம் மாறினால் காரணம் கூறாமலே சொல்லிவிடலாம். ஒப்புக்கொள்கிறேன் / ஒப்புக்கொள்ளவில்லை.”

மறுமொழி 1 எழுதியவர்: போர்ட் லூயிஸ்

நல்ல கடிதம், அம்மா. இரண்டு இடங்களை மட்டும் மாற்றுங்கள். “படிப்பு முடிந்ததும்” என்பது எப்போது என்று பெற்றோருக்குத் தெரியாது. ஒரு தேதியை எழுதுங்கள், அந்தத் தேதியில் அழித்துவிட்டு, அழித்ததாகத் தலைமையாசிரியருக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். மனம் மாறினால் யாரிடம், எப்படிச் சொல்வது என்பதும் இருக்க வேண்டும். மாணவர் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி அனுப்பினாலே போதும் என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடக்கவில்லை என்று எண்ணும் பெற்றோர் எபேனில் உள்ள தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முறையிடலாம் என்பதையும் அடியில் சேர்க்கலாம். அது உங்களுக்கு எதிரானதாகத் தோன்றினாலும், படிக்கும் பெற்றோருக்கு உங்கள் மீது நம்பிக்கையைக் கூட்டும்.

கேள்வி கேட்டவர்: தமிழாசிரியை, ரோஸ் ஹில்

இரண்டு வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். பெற்றோர் கூட்டத்தில் கடிதத்தைக் கிரியோலில் வாசித்தேன். ஒன்பது பேர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் வெளிநாட்டில் இருக்கும் தாயும் ஒருவர். தம் பெயரையும் மகன் பெயரையும் எழுதிப் பதில் அனுப்பினார், அச்சிட்டுக் கோப்பில் வைத்துவிட்டேன். ஆண்டுத் தொடக்கத்தில் படிவம் அனுப்பாதவர், அந்தத் தாளைத் தாம் பார்க்கவே இல்லை என்று சொல்லி, அங்கேயே நின்று கையெழுத்திட்டார். முன்பு பொதுப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்த இருவர் இம்முறை வேண்டாம் என்றார்கள், காரணம் கேட்கவில்லை. நேற்று எல்லாருடைய இருக்கைகளையும் மாற்றினேன். அவ்விரு பிள்ளைகளும் இப்போது சன்னலோரம், அலமாரியின் பக்கவாட்டில் அமர்ந்திருக்கிறார்கள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று ஒருத்தி மகிழ்ச்சியாகச் சொன்னாள். அடுத்த புதன்கிழமை முதல் பதிவு.